சகோதரர்கள் தேவை

அமெரிக்கக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்த வீடுகளில் முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஒரு சொல் உள்ளே நுழைந்துவிடுகிறது: ஃப்ரட், அதாவது ஃப்ரட்டர்னிட்டி எனும் ஆண் மாணவர் சங்கம். மகன் சேரப்போவதாகச் சொல்கிறான். அம்மாவும் அப்பாவும் தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறார்கள். எங்கே கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "கொஞ்சம் கூத்தடிப்பானுங்க, ஆனா பின்னாடி வேலைக்கு நல்லது." அமெரிக்காவின் பொதுக்கருத்தும் இதுவே. நம்மவர்கள் அதைத் தமிழில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கருத்து தவறு என்பது என் கட்சி. அதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன்.

முப்பதாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் தனியாக வந்து இறங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு சிறிய கூட்டம் வேண்டும். ஃப்ரட்டர்னிட்டி அதைத் தருகிறது: தங்க வீடு, கூட உட்கார்ந்து சாப்பிட ஆட்கள், வழிகாட்ட மூத்தவர்கள், பட்டம் வாங்கிய பிறகு நாடெங்கும் கைதூக்கிவிடப் பழைய உறுப்பினர்கள். 1825இல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா சங்கம் தொடங்கியதிலிருந்து இருநூறு ஆண்டுகளாக இது நடந்துவருகிறது. யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போவதில்லை. மாணவன் வீடுகளைப் பார்க்கிறான், வீடுகள் மாணவனைப் பார்க்கின்றன, பிடித்தால் சேர்கிறார்கள். அறக்கொடைக்கு நிதி திரட்டுகிறார்கள். சேர்க்கைச் சடங்குகளில் சாவுச் செய்திகள் வருவது உண்மை, ஆனால் ஆயிரக்கணக்கான கிளைகளில் தறிகெட்ட சிலவற்றின் வேலை அது. அவற்றை மூடினால் போதும். புள்ளிவிவரமும் அவர்கள் கையில் இருக்கிறது. 2014இல் கேலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் நடத்திய கணக்கெடுப்பில், இச்சங்கங்களில் இருந்த பட்டதாரிகளில் 43 விழுக்காட்டினர் வேலையில் ஈடுபாட்டோடு இருந்தனர். மற்றவர்களில் அது 38.

நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் இந்த வாதம் முழுவதும் ஒரு ஊகத்தின் மேல் நிற்கிறது. ஆள் சேர்க்கும் முறை ஒரு வாசற்படி மட்டுமே, கெடுதல் ஏதாவது நடந்தால் அது உள்ளே போன பிறகு யாரோ சிலரால் நடப்பது என்ற ஊகம் அது. நான் சொல்வது இதற்கு நேர் எதிர்: கெடுதல் பிறப்பதே ஆள் சேர்க்கும் முறையில்தான். ஆகவே அந்த முறை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வேலை கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் 'ரஷ்' பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். எந்தப் பள்ளியிலிருந்து யார் வருகிறார்கள், யாருடைய தம்பி, யாருடைய மகன் என்று பெயர்கள் திரட்டுவார். ஏரிக்கரை விருந்துகளுக்கு அழைப்பு போகும். கல்லூரி திறந்ததும் அதிகாரபூர்வ ரஷ்: முதலில் எல்லோருக்கும் திறந்த வீடு, பிறகு அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான மாலைகள். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கூட்டம். மாணவர்களின் படங்களைத் திரையில் போட்டு, ஆளுக்குச் சில நிமிடம் பேசி, வாக்கெடுப்பார்கள். பல வீடுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய எதிர்ப்பு வாக்குகளே ஒருவரை வெட்டிவிடப் போதும். தேறியவருக்கு 'பிட்' எனும் அழைப்பு. ஏற்றுக்கொண்டால் அவர் 'ப்ளெட்ஜ்', அதாவது இன்னும் சகோதரர் ஆகாத பயிற்சி ஆள். பல வாரங்களுக்கு நிறுவனர்களின் பெயர்களையும் கிரேக்க எழுத்துகளையும் மனப்பாடம் செய்வது, வீடு கூட்டுவது, நள்ளிரவில் மூத்தவர்களைக் காரில் கொண்டுபோய் விடுவது. பிறகு ரகசியச் சடங்கு. இதற்கெல்லாம் கட்டணம் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெண்களின் சொரோரிட்டிகளில் ஏற்பாடு இன்னும் கட்டுக்கோப்பானது. சுற்றுச்சுற்றாக வீடுகளுக்குப் போய்ப் பேசி, இருதரப்பும் வரிசைப் பட்டியல் கொடுக்க, கணினி பொருத்தம் பார்த்துச் சொல்லும். அலபாமா பல்கலைக்கழகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் இதில் இறங்குகிறார்கள். 2021இல் அவர்கள் தங்கள் உடையையும் நகையையும் பட்டியலிட்டு டிக்டாக்கில் போட்ட காணொளிகளை உலகமே பார்த்தது. நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை.

இனி மறுப்புகள்.

1. "இருதரப்பும் பார்த்துத்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்?" எதைப் பார்த்து? அலபாமாவில் இந்தத் தேர்வு நடப்பது வகுப்புகள் தொடங்குவதற்கு முன். அந்தப் பெண் இன்னும் ஒரு பேராசிரியரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தேர்வு எழுதவில்லை, ஒரு அறைத்தோழியோடு சண்டை போடவில்லை. கால்பந்து அணிக்கு ஆளெடுத்தால் ஓடச்சொல்லிப் பார்ப்பார்கள், நாடகக்குழு வசனம் பேசச்சொல்லும், செய்தித்தாள் ஒரு பக்கம் எழுதச்சொல்லும். ஃப்ரட்டர்னிட்டிக்கு எந்தத் திறமையும் தேவையில்லை, சில சங்கங்கள் கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தவிர. சில நிமிடப் பேச்சில் ஓர் அந்நியரைப் பற்றி அறியக்கூடியவை மிகக் குறைவு: தோற்றம், உடை, பேச்சுத்தொனி, ஊர், அப்பாவின் வேலை. ஆகவே அளவுகோல் இல்லாத இடத்தில் சாயல் அளவுகோலாகிறது. நம்மைப் போல் இருக்கிறானா என்பதே கேள்வி.

இது வெறும் தர்க்கம் இல்லை, வரலாறும்கூட. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல தேசியச் சங்கங்களின் விதிகளிலேயே வெள்ளையர், கிறித்தவர் மட்டும் என்று எழுதியிருந்தது. 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்தபோது தேசியத் தலைமை அந்தக் கிளையையே இடைநீக்கம் செய்தது. 1972இல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1974இல், ஃப்ரட்டர்னிட்டி, சொரோரிட்டிகளின் உறுப்பினர் சேர்க்கைக்கு அதிலிருந்து விலக்கு வாங்கித் தரப்பட்டது.

பழங்கதை என்பீர்களா? 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் இதழான 'தி கிரிம்சன் ஒயிட்' ஒரு செய்தி வெளியிட்டது. படிப்பிலும் குடும்பப் பின்னணியிலும் குறை சொல்ல இடமில்லாத ஒரு கறுப்பின மாணவியை அங்கிருந்த பாரம்பரிய வெள்ளையர் சொரோரிட்டிகள் ஒதுக்கின. சில வீடுகளில் இப்போதைய உறுப்பினர்கள் அவரைச் சேர்க்க விரும்பியும், பழைய உறுப்பினர்கள் குறுக்கே நின்றார்கள். நாடே பேசிய பிறகு, பல்கலைக்கழகம் சேர்க்கையை மீண்டும் திறக்கச் செய்தது. அப்போது விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேவையும் இல்லை. காரணம் சொல்லாமல் நிராகரிக்கும் உரிமை இருந்தால் விதி எதற்கு?

2. "ஹேஸிங் என்பது சில தறிகெட்ட கிளைகளின் வேலை." ஹேஸிங் என்பது சேர வருபவரைப் படுத்தும் பாடு. இந்த வாதத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்கிறேன், மற்றவை எல்லாம் இதில் வந்து முட்டுகின்றன.

எந்தத் தகுதியும் பார்க்காமல் ஆளெடுத்த ஒரு குழுவுக்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கே இருப்பதில் என்ன பெருமை என்று அதனால் சொல்ல முடியாது. ஓடிக்காட்டி இடம்பிடித்தவனுக்கு அந்த ஓட்டமே பெருமை. இங்கே அப்படி ஒன்றும் இல்லாததால், பெருமையைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மனிதர் கண்ட எளிய வழி வலி. 1959இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய கல்லூரிப் பெண்களில் சிலரைக் கூச்சத்தில் நெளியவைக்கும் சொற்களை உரக்கப் படிக்கச் செய்தார்கள், சிலரை லேசான சோதனையோடு விட்டார்கள், சிலருக்குச் சோதனையே இல்லை. பிறகு வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரித்த ஓர் உரையாடலைக் கேட்கவைத்தார்கள். அதை அதிகம் ரசித்தவர்கள், அதிகம் கூசிப்போனவர்கள்! இவ்வளவு பட்டுவிட்டுச் சேர்ந்தது வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் இடம் தருவதில்லை.

ஹேஸிங் எதற்காக நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு சேர்ந்தவனை நன்றியுள்ள உறுப்பினனாக மாற்றும் கருவி அது. கருவியைப் பிடுங்கிவிட்டு நிறுவனத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள், பிறகு அந்த நிறுவனம் எதைப் பசையாகக் கொண்டு ஒட்டியிருக்கும் என்று சொல்வதில்லை.

கெட்ட கிளை, நல்ல கிளை என்ற பிரிவைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் உடைத்துப்போட்டது. அங்கிருந்த பீட்டா தீட்டா பை வீடு பழைய உறுப்பினர் ஒருவரின் மில்லியன் கணக்கான டாலர்களில் புதுப்பிக்கப்பட்டது. மதுவுக்கு அனுமதியில்லாத வீடு என்று பெயர். கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. ஆலோசகராக ஒரு பெரியவர் அந்த வீட்டிலேயே குடியிருந்தார். எல்லாச் சீர்திருத்தமும் செய்து முடித்த வீடு! 2017 பிப்ரவரி 2 அன்று, பிட்டை ஏற்றுக்கொண்டவர்களை வரவேற்கும் இரவில், 19 வயது மாணவர் ஒருவர் 82 நிமிடங்களில் 18 முறை மது குடிக்கவைக்கப்பட்டார் என்பது அரசுத் தரப்பு காட்டிய கணக்கு. நிலவறைப் படிகளில் விழுந்தார். உதவிக்கு அழைத்தது கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் கழித்து. பிப்ரவரி 4 அன்று இறந்தார். அது பயிற்சியின் முதல் இரவு என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆளெடுப்புக்கும் சாவில் முடிந்த அந்தக் குடிக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளிகூட இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில், சங்கத்தைப் பற்றிய கேள்விகளுக்குத் தவறாகப் பதில் சொன்னால் குடிக்க வேண்டும் என்ற சடங்கில் ஒரு 18 வயது மாணவர் இறந்தார். அவர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.495 விழுக்காடு. வாகனம் ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 0.08. 2021 மார்ச்சில் ஒஹாயோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில், புதியவருக்கு வழிகாட்டியாகும் 'பெரிய அண்ணன்' யாரென்று அறிவிக்கும் இரவில் ஒரு போத்தல் போர்பன் குடித்த 20 வயது மாணவர் இறந்தார். மூன்றும் வெவ்வேறு மாநிலம், வெவ்வேறு சங்கம். செய்தியாளர் ஹாங்க் நூவர் வைத்திருக்கும் பதிவில், 1959 முதல் 2021 வரை அமெரிக்காவில் ஹேஸிங் சாவு இல்லாத ஆண்டு ஒன்றுகூட இல்லை. அறுபது ஆண்டுகளாகத் தவறாமல் நடப்பதை விதிவிலக்கு என்று எப்படி அழைப்பது?

3. "விரும்பித்தானே சேர்கிறான், பிடிக்கவில்லை என்றால் விலகலாமே?" தமிழ்நாட்டு வாசகருக்கு ராகிங் தெரியும். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்து மருத்துவ மாணவர் கொலைக்குப் பிறகு, 1997இல் தமிழக அரசு ராகிங்கைத் தடுக்கச் சட்டமே கொண்டுவந்தது. ராகிங்கில் இளைய மாணவன் விண்ணப்பம் போடுவதில்லை, மாட்டிக்கொள்கிறான். ஹேஸிங்கில் அவனே விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறான். இதனால் குற்றம் குறைகிறது என்று நினைப்பவர்கள் அமெரிக்கச் சட்டத்தையே படிக்கட்டும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு தற்காப்பு ஆகாது என்று ஃப்ளோரிடா உட்படப் பல மாநிலங்கள் எழுதிவைத்திருக்கின்றன. காரணம் எளிது. அறையை ஆள்பவர்கள் மூத்தவர்கள், உன்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம். கூடவே குடித்த எட்டுப் பேர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே 'வேண்டாம்' என்பது பேச்சளவில் மட்டுமே சாத்தியம்.

அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1984இல் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு குடிக்கும் வயது நாடு முழுவதும் 21 ஆனது. கல்லூரிக்கு வருபவனுக்கோ வயது 18. மதுக்கடை உள்ளே விடாது, விடுதியில் சோதனை. சொரோரிட்டி வீடுகளிலும் மது கிடையாது. மிச்சம் இருப்பது ஃப்ரட்டர்னிட்டி வீடு. யார் உள்ளே வரலாம், என்ன கலந்து ஊற்றுவது, யாரை எப்போது வெளியே அனுப்புவது எல்லாம் வாசலில் நிற்கும் இருபது வயது இளைஞர்கள் கையில். விருந்துக்கு வரும் பெண்களின் பாதுகாப்பும் அவர்கள் கையில் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இந்த மதுச் சந்தையைச் சங்கங்கள் உருவாக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதில் ஆள்பிடிப்பது அவர்கள்தான்.

4. "வேலைக்கு நல்லது." நம்மவர்களை வீழ்த்தும் வாதம் இதுதான். இதற்கான மிக நல்ல சான்றை நானே தருகிறேன். யூனியன் கல்லூரியின் பொருளியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பை வைத்து, ஃப்ரட்டர்னிட்டியில் சேர்வது பிற்கால வருமானத்தை ஏறத்தாழ 36 விழுக்காடு உயர்த்துகிறது என்றது. அதே ஆய்வு, நான்கு புள்ளி அளவில் மதிப்பெண் ஏறத்தாழ கால் புள்ளி குறைகிறது என்றும் சொன்னது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். படிப்பு குறைந்தது, சம்பளம் கூடியது. அப்படியானால் அந்த 36 விழுக்காட்டைச் சம்பாதித்தது அறிவு இல்லை, ஆள்பலம். வேலை கொடுக்கும் இடத்தில் அதே சங்கத்தின் கிரேக்க எழுத்தை அணிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலிக்குத் தகுதியோடு வந்து, எழுத்து இல்லாததால் திரும்பிப்போன இன்னொருவர் எந்த ஆய்விலும் வருவதில்லை. சிபாரிசைத் திட்டித் திட்டி இந்தியாவைவிட்டுப் போனவர்கள் அங்கே போய் அதற்குச் சந்தா கட்டுவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

கேலப் கணக்குக்கு வருவோம். 43க்கும் 38க்கும் நடுவில் ஐந்து புள்ளி. கட்டணம் கட்ட வசதியுள்ள, கூட்டத்தில் கலகலப்பாகப் பழகத் தெரிந்தவர்களை முதலிலேயே பொறுக்கி எடுத்துவிட்டு, பிறகு அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்றால், அது சங்கத்தின் சாதனையா, பொறுக்கியதன் விளைவா? மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டது: ஃப்ரட்டர்னிட்டி வீட்டில் குடியிருந்த ஆண்களில் 45 விழுக்காட்டினரிடம் 35 வயதில் மதுப்பழக்கக் கோளாறின் அறிகுறிகள். இதிலும் பொறுக்கி எடுத்ததன் பங்கு இருக்கலாம். ஆனால் நல்லதற்கு மட்டும் பெருமை எடுத்துக்கொண்டு கெட்டதற்குக் கணக்கு மாற்றக் கூடாது.

1825 முதல் இருவரைத் தவிர எல்லா அமெரிக்க அதிபர்களும் ஃப்ரட்டர்னிட்டி உறுப்பினர்கள் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நம்புகிறவர்கள் ஒபாமா, டிரம்ப், பைடன் மூவரையும் எண்ணிப் பார்த்தாலே போதும். பள்ளிக்கூடமே போகாத ஆண்ட்ரூ ஜான்சன்வரை போக வேண்டாம்.

5. "சகோதரத்துவம் ஆயுளுக்கும் நிலைக்கும்." காப்பீட்டு ஒப்பந்தம்வரை நிலைக்கும். ஒருவர் இறந்து வழக்கு வந்தால், ஹேஸிங்கும் வயது குறைந்தவருக்கு மது கொடுப்பதும் எங்கள் விதிக்கு விரோதம் என்கிறது தேசியத் தலைமை. விதியை மீறியவருக்குக் காப்பீடு இல்லை என்று சொல்லப்படும் நிலையும் வருகிறது. இருபது வயதுப் பொறுப்பாளர் தனியாக நிற்பார். அவருடைய பெற்றோரின் வீட்டுக் காப்பீட்டைத் தேடி வழக்கறிஞர்கள் போவார்கள். சந்தா வாங்கும்போது ஒரே குடும்பம், நீதிமன்றத்தில் ஆளாளுக்கு ஒரு வழக்கறிஞர்.

6. "நம் பிள்ளைகளுக்கென்று தனி ஃப்ரட்கள் இருக்கின்றனவே?" இருக்கின்றன, அவற்றின் வரலாறு மதிக்கத்தக்கதும்கூட. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைக் கறுப்பின மாணவர்கள் தொடங்கியது, மற்ற எல்லாக் கதவும் சாத்தியிருந்ததால். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். 1908இல் ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில், தமிழ்த் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் சேர்ந்தார். தெற்காசிய மாணவர்கள் 1994இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நூ டெல்டாவையும், 1998இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சையையும் தொடங்கினார்கள். இச்சங்கங்கள் பிறந்த காரணமே என் முதல் மறுப்புக்குச் சாட்சி.

ஆனால் கதவைத் தனியாக வைத்துக்கொண்டவர்கள் சடங்கைப் பழைய வீட்டிலிருந்தே எடுத்துவந்தார்கள். 2013 டிசம்பரில், ஆசிய அமெரிக்கர்களின் சங்கமான பை டெல்டா சையில் சேர வந்த பரூக் கல்லூரி மாணவர் ஒருவரைப் பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பகுதிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைக் கட்டி, மணல் மூட்டையை முதுகில் ஏற்றி, பனி உறைந்த தரையில் திரும்பத் திரும்ப மோதித் தள்ளினார்கள். அவர் இறந்தார். அந்தச் சங்கமே குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2018இல் அம்மாநிலத்தில் பத்தாண்டுகள் இயங்கத் தடை விதிக்கப்பட்டது. கறுப்பினச் சங்கங்களின் கூட்டமைப்பு 1990இலேயே ப்ளெட்ஜ் முறையை ஒழிப்பதாக அறிவித்தது. அது நிலத்தடிக்குப் போனது. நம் நிறம், நம் மொழி, நம் சாப்பாடு எதுவும் இந்த இயந்திரத்தை மாற்றிவிடுவதில்லை.

7. "தடை செய்தால் மறைவாகத்தான் நடக்கும்." நடுவழியாகச் சீர்திருத்தம் செய்யலாமே என்பார்கள். செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2019 செப்டம்பருக்குள் வீடுகளில் கடுமதுவை நீக்குவதாக ஆண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு முடிவெடுத்தது. பௌலிங் கிரீன் சாவு அதற்குப் பிறகு நடந்தது. 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டம், ஹேஸிங் விதிமீறல்களைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும், ஆண்டுக்கு இருமுறையாவது புதுப்பிக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். மகனை அனுப்பும் பெற்றோர் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்கட்டும். ஆனால் பிடிபட்டு, விசாரித்து, குற்றம் உறுதியானவைதான் அதில் வரும். ஆளெடுக்கும் முறையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

ஒழித்த கல்லூரிகள் இருக்கின்றன. வில்லியம்ஸ் 1960களில் அந்த வேலையைத் தொடங்கியது. கோல்பியும் ஆம்ஹர்ஸ்டும் 1984இல் முடிவெடுத்தன. ஆம்ஹர்ஸ்டில் சங்கங்கள் வளாகத்துக்கு வெளியே பல காலம் தொடர்ந்தன, 2014இல் கல்லூரி அதையும் தடுக்க வேண்டியிருந்தது. ஆகவே மறைவாக நடக்கும் என்ற எச்சரிக்கையில் உண்மை உண்டு. ஆனால் வளாகத்தின் நடுத்தெருவில் தூண் வைத்த மாளிகையில் நடப்பதற்கும், ஊருக்கு வெளியே வாடகை வீட்டில் ஒளிந்து நடப்பதற்கும் ஆள் சேரும் எண்ணிக்கையில் ஒரே விளைவா இருக்கும்? இந்தக் கல்லூரிகள் எதுவும் காலியாகிவிடவில்லை. இடம் கிடைக்காமல் திரும்புகிறவர்களே அதிகம்.

மெய்ன் மாநிலத்து போடன் கல்லூரி 1997இல் எடுத்த முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஃப்ரட்டர்னிட்டிகளைப் படிப்படியாக மூடி, கல்லூரியே நடத்தும் வீடுகளைக் கொண்டுவந்தது. முதலாண்டு மாணவர் எந்த விடுதியில் இருக்கிறாரோ அந்த விடுதி ஏதாவது ஒரு வீட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். விருந்து உண்டு, மூத்தவர்கள் உண்டு, பழைய பெரிய வீடும் உண்டு. ஃப்ரட்டர்னிட்டி தருவதாகச் சொன்ன சிறிய கூட்டம் அங்கே எல்லோருக்கும் கிடைக்கிறது. திரையில் யாருடைய படத்தையும் போட்டு வாக்கெடுப்பதில்லை. விடுதி அறை ஒதுக்கிய அன்றே வீடும் முடிவாகிவிடும்.